பதினெட்டு ஆண்டு கழித்து வரும் தவணை
போரில் மாண்ட வீரரின் பிள்ளைக்கு அரசு தரும் கல்லூரிப் படிப்பு: வாக்குறுதியும் நடைமுறையும்

டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது 1971 டிசம்பர் 16. இரண்டே நாளில், டிசம்பர் 18 அன்று, மக்களவையில் ஓர் அறிவிப்பு வந்தது. போரில் உயிரிழந்தவர்கள், காணாமல்போனவர்கள், உடல் ஊனமுற்றவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் முழுவதையும் அரசே ஏற்கும் என்பது அதன் சாரம். 1972இல் நடைமுறைக்கு வந்த இத்திட்டம் பள்ளி, கல்லூரி, தொழிற்கல்வி மூன்றையும் தழுவியது. இலங்கைக்குப் போன அமைதிப்படையில் மாண்டவர்களின் குடும்பங்கள், சியாச்சின் பனிமலையில் இறந்தவர்களின் குடும்பங்கள், உள்நாட்டுக் கிளர்ச்சிகளை ஒடுக்கும் பணியில் உயிர்விட்டவர்களின் குடும்பங்கள் எனப் பின்னாளில் அதன் எல்லை விரிந்துகொண்டே வந்தது. நாற்பத்தைந்து ஆண்டுக் காலம் அரசு அதைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

2017 செப்டம்பர் 13 அன்று பாதுகாப்பு அமைச்சகத்தின் முன்னாள் படைவீரர் நலத்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் சேர்த்து மாதம் ரூ.10,000க்கு மேல் தரப்பட மாட்டாது என்றது அந்த ஆணை. அது வந்த ஆண்டைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். கார்கில் போர் நடந்தது 1999 மே முதல் ஜூலை வரை. அதில் இந்தியத் தரப்பில் 527 பேர் மாண்டார்கள். அந்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு 2017இல் வயது பதினெட்டு. தகப்பன் முகத்தைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் கடைசி வரிசை கல்லூரி வாசலுக்கு வந்து நின்ற வேளையில் உச்சவரம்பும் வந்து நின்றது.

இதில் உள்நோக்கம் இருந்தது என்று சொல்ல ஆதாரம் ஏதுமில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. மாண்ட வீரரின் பிள்ளைக்குக் கல்லூரிப் படிப்பு என்பது வாங்கியவுடன் அடைக்கிற கடன் இல்லை. அதன் பெரிய தவணை பதினைந்து, பதினெட்டு ஆண்டு கழித்துத்தான் வருகிறது. வாக்களித்த அமைச்சர் அப்போது பதவியில் இருக்க மாட்டார். சவப்பெட்டிக்கு மரியாதை செலுத்திய தளபதி ஓய்வு பெற்றிருப்பார். ஊரே திரண்டு வந்த அந்த நாளை ஊரும் பாதி மறந்திருக்கும். அவ்வளவு நீண்ட இடைவெளியைத் தாண்டி ஒரு வாக்குறுதி உயிரோடிருக்க வேண்டுமானால் அது எங்கே, எந்த வடிவில் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது என்பதே முதல் கேள்வி. மற்ற நாடுகளின் அனுபவத்தையும் நம் நாட்டின் அனுபவத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விடை ஓரளவு தெளிகிறது.

மூன்று பழைய வழிகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, பென்சில்வேனியா மாநிலத்தில் ஆண்ட்ரூ கர்ட்டின் என்பவர் ஆளுநராக இருந்தார். படைக்கு ஆள் சேர்ப்பதற்காக பென்சில்வேனியா ரயில்வே நிறுவனம் 50,000 டாலர் தர முன்வந்திருந்தது. போரில் தந்தையை இழந்த பிள்ளைகளின் படிப்புக்கு அந்தப் பணத்தைத் திருப்பிவிட்டார் கர்ட்டின். 1864இல் மாநிலச் சட்டமன்றமும் இசைந்தது. வீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கென்று பள்ளிகள் பிறந்தன. இருபது ஆண்டு கழித்து, இப்பள்ளிகள் சிலவற்றை நடத்திய கூட்டாளிகள் பிள்ளைகளின் சோற்றிலும் துணியிலும் லாபம் பார்த்ததை 1886இல் பிலடெல்பியா நாளிதழ் ஒன்று அம்பலப்படுத்தியது. அரசு நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்தது. அந்த மரபில் 1895இல் ஸ்காட்லாந்து என்ற ஊரில் ஒரு பெரிய உறைவிடப் பள்ளி எழுந்தது. நூற்றுப் பதினான்கு ஆண்டுகள் நடந்த அப்பள்ளி 2009இல் மூடப்பட்டது. மாநில வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கு நிதி ஒதுக்கப்படவில்லை. நல்லெண்ணத்தில் பிறந்து நிறுவனமாக வளர்ந்த ஒன்று நிதியாண்டுக் கணக்கில் முடிந்துபோனதற்கு இது தெளிவான சான்று.

பிரான்ஸ் வேறு வழியில் போனது. முதல் உலகப் போர் முடியும் முன்பே, 1917 ஜூலை 27 அன்று ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, போரில் தந்தையை இழந்த பிள்ளையை நீதிமன்றத் தீர்ப்பின் மூலம் தேசமே தத்தெடுத்துக்கொள்கிறது. தாய்க்குத் தன் பிள்ளை மீதுள்ள உரிமை போகாது. பிள்ளையின் வளர்ப்புக்கும் படிப்புக்கும் துணைநிற்கும் பொறுப்பு மட்டும் அரசைச் சேர்கிறது. ஆல்பெர் காம்யு இந்தத் தகுதி பெற்ற பிள்ளைகளில் ஒருவர். 1914 அக்டோபரில் அவர் தந்தை போர்க்காயத்தால் இறந்தபோது அவருக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அல்ஜியர்ஸ் நகரின் ஏழைப் பகுதியில், காது கேளாத தாயும் கண்டிப்பான பாட்டியும் இருந்த வீட்டில் வளர்ந்தார். தொடக்கப்பள்ளி முடிந்ததும் பையன் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கட்டும் என்பது பாட்டியின் எண்ணம். ஆசிரியர் லூயி ஜெர்மேன் வீடு தேடிவந்து பேசி, தேர்வுக்குத் தயார்செய்து, உதவித்தொகையோடு மேல்நிலைப் பள்ளியில் சேர வழிசெய்தார். 1957இல் நோபல் பரிசு பெற்ற காம்யு தன் ஏற்புரை நூலை அந்த ஆசிரியருக்கே காணிக்கையாக்கினார்.

இக்கதையில் கவனிக்க வேண்டியவர் பாட்டி. அவர் கல்விக்கு எதிரியில்லை, கணக்குத் தெரிந்தவர். பிள்ளை படித்தால் வீட்டுக்கு வரவேண்டிய கூலி நின்றுபோகும். கட்டணத்தை ரத்துசெய்தால் அந்த இழப்பு ஈடாகாது. இறந்த வீரரின் குடும்பத்தில் மூத்த பிள்ளைதான் பெரும்பாலும் இந்த நெருக்கடியில் முதலில் மாட்டுகிறது. ஆகவே கல்வி உதவி என்பதற்குள் கட்டணம் மட்டும் அடங்குமா, படிக்கிற காலத்துச் சாப்பாடும் வாடகையும் அடங்குமா என்பது எல்லா நாட்டிலும் எழுகிற கேள்வி.

மூன்றாவது வழி அமெரிக்க ஒன்றிய அரசுடையது. 1956 ஜூன் 29 அன்று அதிபர் ஐசனோவர் போர் அநாதைகள் கல்வி உதவிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இரண்டாம் உலகப் போர் முடிந்து பதினோரு ஆண்டாகிவிட்டது. அப்போரில் தந்தையை இழந்தவர்கள் அலையலையாகக் கல்லூரி வயதை எட்டிக்கொண்டிருந்தார்கள். தவணை வந்த வேளையில் சட்டமும் வந்தது. பிறகு முற்றிலும் ஊனமுற்ற வீரர்களின் பிள்ளைகள், இறந்தவர்களின் மனைவியர் எனச் சட்டத் திருத்தங்கள் வழியாக அது விரிந்தது. இன்றும் அதன் வாரிசுத் திட்டம் நடப்பில் இருக்கிறது.

ஃப்ரை உதவித்தொகை

ஜான் டேவிட் ஃப்ரை டெக்சாஸைச் சேர்ந்த கடற்படைக் காலாட்படைச் சார்ஜண்ட். வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்பவர். கையில் அடிபட்டிருந்ததால் ஈராக்கிலிருந்து ஊர் திரும்ப அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. பணிக்காலம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. ஆனாலும் இன்னொரு பணிக்குத் தாமே முன்வந்து போனார். 2006 மார்ச் 8 அன்று அன்பார் மாகாணத்தில் குண்டு வெடித்து இறந்தார். அவருக்கு மூன்று சிறு பிள்ளைகள். 2009இல் அமெரிக்கக் காங்கிரஸ் அவர் பெயரில் ஓர் உதவித்தொகையைச் சட்டமாக்கியது. 2001 செப்டம்பர் 11 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் இறந்த எந்த வீரரின் பிள்ளையும் இதைப் பெறலாம். 2014இல் வாழ்க்கைத் துணைக்கும் நீட்டிக்கப்பட்டது.

இதன் அமைப்பு நமக்குப் பாடமாக உள்ளது. 36 மாதக் கல்லூரிக் காலத்துக்கு, அதாவது ஆண்டுக்கு ஒன்பது மாதம் என்ற கணக்கில் நான்கு கல்வியாண்டுகளுக்கு, உதவி உண்டு. அரசுக் கல்லூரி என்றால் அந்த மாநிலத்தவருக்கான கட்டணம் முழுவதும் தரப்படும். தனியார் கல்லூரி என்றால் ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு ஆண்டுதோறும் மாற்றியமைக்கப்படுகிறது. கட்டணம் போக, தங்குமிடத்துக்கு மாதப்படியும் புத்தகத்துக்குத் தனித்தொகையும் இருக்கிறது. காம்யுவின் பாட்டி கேட்டிருக்கக்கூடிய கேள்விக்கு இங்கே ஓரளவு பதில் உண்டு.

குறையில்லாத திட்டம் என்று இதையும் சொல்ல முடியாது. 2001 செப்டம்பர் 11க்கு முன் தந்தையை இழந்தவர்களுக்குப் பழைய, குறைந்த தொகைத் திட்டம்தான். படையை விட்டு வந்தபின் போர்க்காலக் காயத்தாலோ நோயாலோ மெல்ல இறந்த வீரரின் பிள்ளைகளும் பெரும்பாலும் அந்தப் பழைய வரிசையிலேயே நிற்கிறார்கள். தொடக்கத்தில் 33 வயதுக்குள் படித்து முடிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2013 முதலான இறப்புகளுக்கு அந்த வயது எல்லை நீக்கப்பட்டது. ஒவ்வொரு குறையும் சட்டத் திருத்தமாக விவாதிக்கப்பட்டு, பதிவாகி, மாறியிருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். கூட்டுவதானாலும் குறைப்பதானாலும் வெளிச்சத்தில், வாக்கெடுத்துத்தான் செய்ய முடியும்.

ஒரு ‘படி’யாக மாறிய கடன்

இந்தியத் திட்டம் சட்டமாகப் பிறக்கவில்லை. மக்களவை அறிவிப்பு, அதைத் தொடர்ந்த அமைச்சக ஆணைகள் ஆகியவைதான் அதன் அடித்தளம். ஆணையில் பிறந்ததை இன்னொரு ஆணை மாற்றிவிடலாம். 2017இல் நடந்தது அதுவே.

நீதிபதி ஏ.கே. மாத்தூர் தலைமையிலான ஏழாவது ஊதியக் குழு மத்திய அரசு ஊழியர்களின் 196 வகைப் படிகளை ஆராய்ந்தது. பல ஆண்டுகளாகச் சேர்ந்து குவிந்த அவற்றில் சிலவற்றை நீக்கவும் சிலவற்றை ஒன்றோடொன்று இணைக்கவும் பரிந்துரைத்தது. நிர்வாகச் சீர்திருத்தம் என்ற வகையில் அது தேவையான வேலைதான். 2017 ஜூன் 28 அன்று அமைச்சரவை இறுதி முடிவெடுத்தது. புதிய படிகள் ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. மாண்ட வீரர்களின் பிள்ளைகளுக்கான கல்விச் சலுகையும் இந்த வரிசையில் ஒன்றாகக் கருதப்பட்டு, மாதம் ரூ.10,000 என்ற வரம்புக்குள் அடைக்கப்பட்டது. அரசு ஊழியர் பெறும் படிகள் உழைப்புக்கான ஊதியத்தின் கிளைகள். இறந்தவரின் பிள்ளைக்குத் தருவது அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்த கணத்திலேயே, இதையும் ஒழுங்குபடுத்த வேண்டிய செலவாகப் பார்க்கும் கண் வந்துவிட்டது.

நாடாளுமன்றத்தில் அரசு தந்த புள்ளிவிவரங்கள் விஷயத்தைத் துலக்குகின்றன. 2017–18இல் இத்திட்டத்தில் பயன்பெற்றவர்கள் 2,679 பேர். வரம்பால் பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 250 பேர். ஆண்டுக்கு மிச்சமாகும் தொகை சுமார் ரூ.3.20 கோடி. அந்த ஆண்டு ஓய்வூதியம் நீங்கலான பாதுகாப்பு ஒதுக்கீடு ரூ.2,74,114 கோடி. கணக்குப் போட்டால், ஒரு லட்சம் ரூபாய்ச் செலவில் ஒரு ரூபாய் பதினேழு காசு மிச்சம்.

பயனாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு வரம்பு இடிக்கவில்லை என்பதையும் இதே எண்கள் காட்டுகின்றன. அவர்களுடைய கட்டணம் அதற்குக் கீழேதான் இருந்தது. இடித்தது, விடுதியில் தங்கி, செலவு மிகுந்த படிப்புகளில் சேர்ந்த சிறு பகுதியினருக்கு. ஆண்டுக்குச் சராசரியாக ரூ.1.28 லட்சம் அவர்கள் ஒவ்வொருவரின் குடும்பத்தின் தலையில் விழுந்தது. படிப்பின் பாதியில் இருக்கும் மாணவருக்கு அந்தச் சுமை புதிதாக வந்தால் எதை விடுவது? கல்லூரியை மாற்ற முடியாது. கடன்தான் வாங்க வேண்டும்.

எதிர்ப்பு எழுந்தது. அப்போது முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவராக இருந்த கடற்படைத் தளபதி அட்மிரல் சுனில் லம்பா, பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமனுக்குக் கடிதம் எழுதினார். முன்னாள் வீரர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் பேசினார்கள். 2018 மார்ச்சில் வரம்பு நீக்கப்பட்டது. அரசு, அரசு உதவிபெறும் நிறுவனங்கள், ராணுவ, சைனிக் பள்ளிகள், மத்திய மாநில அரசுகளின் அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்கள் ஆகியவற்றில் படிப்போருக்கு முழுக் கட்டணம் மீண்டும் உறுதியானது. நல்ல முடிவு. ஆனால் அதுவும் ஓர் ஆணைதான்.

எப்படி இறந்தார் என்ற கேள்வி

பணத்தின் அளவைவிட ஆழமான சிக்கல் இன்னொன்று. எந்த மரணம் கணக்கில் சேரும்? ராணுவ ஓய்வூதிய விதிகள் மரணத்தை ஐந்து வகையாகப் பிரிக்கின்றன. பணியோடு தொடர்பில்லாத இயற்கை மரணம் முதல் வகை. பணிச்சூழலால் வந்த நோய், பணியின்போது நேர்ந்த விபத்து, பயங்கரவாதிகள் முதலானோரின் வன்முறை, போர் அல்லது போரை ஒத்த நடவடிக்கை என்று மற்றவை வரிசையாக வருகின்றன. கடைசி இரு வகைகளில் சேர்ந்தால் இறந்தவர் கடைசியாக வாங்கிய ஊதியத்துக்கு இணையான குடும்ப ஓய்வூதியம். நோய், விபத்து என்றால் அதில் அறுபது விழுக்காடு. முதல் வகையென்றால் இன்னும் குறைவு. கல்விச் சலுகையின் வரையறையும் ‘நடவடிக்கையின்போது’ இறந்தவர்களை மையமாகக் கொண்டது. ஆகவே ஒரு படிவத்தில் அதிகாரி எந்தக் கட்டத்தில் குறியிடுகிறார் என்பது, அந்த வீட்டுப் பிள்ளை பத்தாண்டு கழித்து எந்தக் கல்லூரிக்குப் போகும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

2013 ஜனவரியில் காஷ்மீரில் கட்டுப்பாட்டுக் கோட்டருகே கடுங்குளிரில் ரோந்து போன நாயக் நிலை வீரர் ஒருவர் மூச்சுத்திணறி விழுந்தார். வானிலை மோசமாக இருந்ததால் ஹெலிகாப்டரில் கொண்டுவர முடியவில்லை. கால்நடையாகத் தூக்கிவந்து சேர்ப்பதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. முதலில் அது போர்க்கள மரணம் என்று பதிவானது. பிறகு பணி காரணமான உடல்நல மரணம் என்று மாற்றப்பட்டது. அவர் மனைவிக்கு முழு ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 2019இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒன்றிய அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 2024 டிசம்பர் 3 அன்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, அகஸ்டின் ஜார்ஜ் மசீஹ் அமர்வு அந்த முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இப்படிப்பட்ட வழக்கில் ஒரு வீரரின் மனைவியை உச்ச நீதிமன்றம் வரை இழுத்திருக்கக் கூடாது என்று சொல்லி, அரசுக்கு ரூ.50,000 செலவுத்தொகையும் விதித்தது.

மரணத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே பதினோரு ஆண்டு பத்து மாதம். இத்தகைய வழக்கில் சிக்கும் குடும்பத்தில் ஏழு வயதுப் பிள்ளை இருந்தால், தீர்ப்பு வரும்போது பள்ளிப் படிப்பே முடிந்திருக்கும். ஓய்வூதிய நிலுவையைப் பின்னாளில் மொத்தமாகக் கொடுத்துவிடலாம். கடந்துபோன கல்லூரிச் சேர்க்கையை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித் தர முடியாது. கல்விச் சலுகையில் காலதாமதம் மறுப்புக்குச் சமம் என்பது இதனால்தான்.

ஃப்ரை உதவித்தொகையில் இந்தக் கேள்வியின் கூர்மை பெருமளவு மழுங்கியிருக்கிறது. பணியில் இருக்கும்போது, தன் ஒழுங்கீனத்தால் அல்லாமல், வீரர் இறந்தால் போதும். பகைவரின் குண்டா, பயிற்சியில் கவிழ்ந்த வாகனமா, நோயா என்று பிள்ளையின் கல்வி உரிமையைப் பிரிப்பதில்லை. பிரிட்டனிலும் 2010இல் அறிவிக்கப்பட்ட, தந்தையையோ தாயையோ படைப்பணியில் இழந்தோருக்கான உதவித்தொகைத் திட்டம், 1990 முதலான இறப்புகளைப் பின்னோக்கியும் சேர்த்துக்கொண்டது. வீர விருது தரும்போது மரணத்தின் தன்மையை எடைபோடுவது நியாயம். வளர்ந்து ஆளாக வேண்டிய பிள்ளையின் தேவையோ தந்தை எப்படி இறந்தார் என்பதைப் பொறுத்துக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

யாருடைய சீருடை

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் வெடிகுண்டுக் கார் மோதி மாண்ட 40 பேர் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர். அவர்களில் இருவர் தமிழ்நாட்டவர். தூத்துக்குடி, அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். நாடே கொதித்தது. அவர்களின் பிள்ளைகளைப் படிக்கவைப்பதாகத் தனியார் அறக்கட்டளைகளும் விளையாட்டு வீரர்களும் அறிவித்தார்கள். அந்தப் பரிவைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த அறிவிப்புகளுக்கு இடம் இருந்ததே ஓர் ஓட்டையைக் காட்டுகிறது. 1972ஆம் ஆண்டுத் திட்டம் பாதுகாப்பு அமைச்சகத்தின் முப்படைகளுக்கானது. ரிசர்வ் போலீஸ் படையும் எல்லைப் பாதுகாப்புப் படையும் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகின்றன.

படைவீரரின் பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்தத் தனி உரிமை என்று கேட்பவருக்குச் சொல்லத்தக்க வலுவான பதில் ஒன்று உண்டு. ஆபத்தான வேலைகள் பல இருந்தாலும், மற்றவர்களுக்கு மறுத்து விலகும் வழி இருக்கிறது. படைவீரருக்கு அது இல்லை. கட்டளைக்கு மறுத்தால் சிறை. சங்கம் வைக்கவும் முடியாது. அரசியல் சாசனத்தின் 33ஆம் பிரிவு, இவர்களின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. உரிமையை விட்டுக்கொடுத்து, கட்டளைப்படி சாவின் முன் போய் நின்றவருக்கு அரசு கடன்பட்டிருக்கிறது. ஆனால் அதே 33ஆம் பிரிவு, முப்படைகளை அடுத்த வரியிலேயே பொது ஒழுங்கைக் காக்கும் படைகளையும் சேர்த்துச் சொல்கிறது. உரிமையைச் சுருக்கும்போது ஒன்றாக வைக்கப்பட்டவர்களை, ஈடு செய்யும்போது பிரித்து வைப்பதற்கு நியாயம் கண்டுபிடிப்பது கடினம்.

அக்னிபாத் திட்டம் இன்னொரு கோணத்தைத் திறக்கிறது. 2022 முதல் நான்காண்டுப் பணிக்கு எடுக்கப்படும் அக்னிவீரர்கள் அந்தக் காலம் முழுவதும் மணமாகாதவர்களாக இருக்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் அவர் இறந்தால், அவர் சம்பளத்தை நம்பிப் படித்துக்கொண்டிருப்பது தம்பியோ தங்கையோதான். பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்ட விதி அவர்களைத் தொடாது. காப்பீடும் கருணைத்தொகையும் சேர்ந்து கணிசமான பணம் குடும்பத்துக்குப் போகிறது. வழக்கமான குடும்ப ஓய்வூதியம் கிடையாது. இறந்த அக்னிவீரரின் குடும்பத்துக்கும் முறையான வீரருக்குரிய பலன்களையே தர வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழு பரிந்துரைத்தது. ஆட்சேர்ப்பு முறை மாறும்போது, மாண்டவரை நம்பியிருந்தவர் யார் என்ற வரையறையும் மாறியாக வேண்டும்.

உரிமையும் உதவியும்

முழுக் கட்டணச் சலுகைக்கு வெளியே நிற்பவர்களுக்கு வேறு திட்டங்கள் இல்லாமல் இல்லை. பிரதமர் உதவித்தொகைத் திட்டம் அவற்றில் பெரியது. 1962இல் தொடங்கப்பட்ட தேசியப் பாதுகாப்பு நிதியிலிருந்து பணம் வருகிறது. முன்னாள் வீரர்களின் பிள்ளைகளுக்கும் கைம்பெண்களுக்கும் ஆண்டுக்கு 5,500 பேர் வரை தொழிற்கல்விக்குத் தரப்படுகிறது. 2019இல் மாணவியருக்கு மாதம் ரூ.3,000, மாணவர்களுக்கு ரூ.2,500 என உயர்த்தப்பட்டது. மத்திய ஆயுதப் போலீஸ் படையினர் பிள்ளைகளுக்கு உள்துறை வழியாக 2,000 இடங்களும், பயங்கரவாத, மாவோயிஸ்ட் தாக்குதலில் மாண்ட மாநிலப் போலீசாரின் பிள்ளைகளுக்கு 500 இடங்களும் உண்டு. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கையில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன.

எண்ணிக்கை வரம்பும் அறுபது விழுக்காடு மதிப்பெண் நிபந்தனையும் உள்ளது உதவி. தகுதியுள்ள எல்லோருக்கும் தானாகச் சேர்வது உரிமை. தந்தை மாண்ட ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த பிள்ளை ஐம்பத்தெட்டு விழுக்காடு எடுத்தால் அதைக் குற்றமாக்கலாமா? உதவித்தொகையைப் பரிசாகக் கருதும் மனப்பாங்கு மதிப்பெண் கேட்கும். கடனாகக் கருதினால், கல்லூரி சேர்த்துக்கொண்டது என்பதே போதும்.

நடைமுறையில் இன்னொரு தடையும் உண்டு. இந்தியத் திட்டம் செலவை ஈடுகட்டும் முறையில் அமைந்தது. அதற்கு ரசீதுகளும் சான்றிதழ்களும் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸ் ஆவணங்களும் ஒத்துப்போக வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் அந்த அலுவலகம் நீலகிரி வெலிங்டனில்; தமிழ்நாட்டுக்காரர்களே ஆனாலும் சிக்னல்ஸ், பீரங்கிப்படை, பொறியாளர் படை என்று வேறு பிரிவுகளில் இருந்தவர்களுக்கு அது வேறு மாநிலத்தில். கணவர் பெயரின் எழுத்து ஒரு ஆவணத்தில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் இருந்தால் அலைச்சல் தொடங்கிவிடும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழிகாட்டும் என்றாலும், வருவது விண்ணப்பித்தவருக்குத்தான். இறப்பைப் பதிவுசெய்யும் அதே நாளில் பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் அரசிடம் இருக்கின்றன. அவர்கள் எந்த ஆண்டு பதினெட்டைத் தொடுவார்கள் என்பது அன்றைக்கே தெரியும். தேடிப்போய்த் தருவதற்குத் தடை ஏதுமில்லை.

செலவு யாருடையது

இலவசம் என்று சட்டமன்றம் சொன்னால் அந்தச் செலவு எங்கோ ஓரிடத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தின் ஹேசல்வுட் சட்டம் இதற்கு நல்ல பாடம். 1920களில் வேர்விட்ட அச்சட்டம், வீரர்களிடமும், போரில் மாண்டவர்களின் பிள்ளைகளிடமும் மாநிலப் பல்கலைக்கழகங்கள் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. 2009இல், உயிரோடிருக்கும் வீரர் தான் பயன்படுத்தாத உரிமையைப் பிள்ளைக்கு மாற்றித்தரலாம் என்று விரித்தார்கள். சுமார் 2.5 கோடி டாலராக இருந்த தள்ளுபடி 2014க்குள் ஏறத்தாழ 16.9 கோடி டாலராக உயர்ந்தது. சட்டமன்றம் தாராளம் காட்டியது. பெரும்பகுதிச் செலவைப் பல்கலைக்கழகங்கள் சுமந்தன. மற்ற மாணவர்களின் கட்டணத்தில் அது போய்ச் சேருகிறது என்ற குரலும் எழுந்தது. வட்டத்தை நன்றியுணர்வின் வேகத்தில் விரித்துக்கொண்டே போனால், யாருக்காக அது வரையப்பட்டதோ அவர்களே கூட்டத்தில் கரைந்துபோவார்கள் என்பதும் இதில் தெரிகிறது. இந்தியாவில் அமைச்சகமே பணம் தருவது இந்த வகையில் மேலான ஏற்பாடு.

உச்சவரம்பை ஆதரித்தவர்களிடமும் ஒரு நியாயம் இருந்தது. ஒரே மாணவருக்கு ஓராண்டில் ரூ.18.95 லட்சம் வரை தரப்பட்ட நேர்வு உண்டு என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. மிகச் செலவான தனியார் கல்லூரி கேட்கும் எந்தத் தொகையையும் கேள்வி கேட்காமல் கொடுத்தால், பயன்பெறுவது பிள்ளையா கல்லூரியா என்று கேட்கலாம்தான். ஆனால் அதற்குத் தீர்வு எல்லாப் படிப்புக்கும் எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் ஒரே பத்தாயிரம் என்பதாக இருக்க முடியாது. அரசு நிறுவனங்களில் முழுக் கட்டணம், தனியாரில் படிப்புக்கேற்ற வரம்பு, அந்த வரம்புக்கு ஆண்டுதோறும் திருத்தம், ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்குப் பழைய விதியே என்று பிரித்து எழுதலாம். வரம்பு வைப்பதே தவறன்று. விலைவாசி ஏற ஏற அசையாமல் நிற்கும் வரம்பு, ஒவ்வோர் ஆண்டும் யாரும் வாக்களிக்காத ஒரு வெட்டாக மாறுகிறது.

சட்டம் ஏன் வேண்டும்

மேலே கண்ட அனுபவங்களைச் சேர்த்துப் பார்த்தால், இந்தியாவில் செய்ய வேண்டியது பெரும் பணம் கேட்கிற வேலையாகத் தெரியவில்லை. 2017–18இல் பயனாளிகள் மூவாயிரத்துக்கும் குறைவு. வேண்டியது இந்த வாக்குறுதியை ஆணைக் கோப்பிலிருந்து எடுத்துச் சட்டப் புத்தகத்தில் வைப்பது. பணியில் இறந்தவர் என்பதே தகுதியாகட்டும். மரணத்தின் வகை விருதுக்கும் ஓய்வூதியத்துக்கும் மட்டும் போதும். 33ஆம் பிரிவு ஒன்றாகக் கண்ட சீருடைகளைச் சட்டமும் ஒன்றாகக் காணட்டும். பிள்ளை இல்லாதவரின் உடன்பிறந்தவருக்கும் இடம் இருக்கட்டும். வகைப்பாட்டில் வழக்கு நிலுவையில் இருந்தாலும் கட்டணம் நிற்காமல் போகட்டும். கட்டணத்தைத் தந்துவிட்டு வழக்கில் வென்றால் அரசு இழப்பது சில லட்சம், கட்டணத்தை நிறுத்திவிட்டுத் தோற்றால் பிள்ளை இழப்பது ஒரு வாழ்க்கை.

சட்டமாக்கினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. பென்சில்வேனியாவின் பள்ளிகளும் சட்டத்தில் பிறந்தவைதான். ஆனால் சட்டத்தைச் சுருக்க நினைப்பவர் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று, காரணம் சொல்லி, தன் பெயர் பதிவாகும்படி வாக்களிக்க வேண்டும். 196 படிகள் கொண்ட பட்டியலுக்குள் ஒரு வரியாக அதைச் செய்துவிட முடியாது. இப்போது கைக்குழந்தையாக இருக்கிற பிள்ளைக்கு 2040களில் கட்டணம் கட்டப்போவது இன்றைய அமைச்சரும் அல்லர், இன்றைய அதிகாரியும் அல்லர். முகம் தெரியாத அந்த நாளைய அரசைக் கட்டுப்படுத்த ஆணையால் முடியாது. சட்டத்துக்குத்தான் அந்தக் கை நீளம் உண்டு.